மலையேறினால் இளகும் மருந்து

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸில் உருகும். அதனால்தான் மேட்டுப்பாளையத்தில் தண்ணீராக ஓடும் எண்ணெய், மலைப்பாதை ஏறி ஊட்டிக்கு வந்ததும் மார்கழி, தை மாதங்களில் வெள்ளைக் கட்டியாகிவிடுகிறது. தலைக்குத் தேய்க்க வேண்டுமென்றால் பாட்டிலை வெந்நீரில் வைக்க வேண்டும், இல்லையென்றால் வெயிலில் காட்ட வேண்டும். நீலகிரியில் குடியிருப்பவர்களுக்கு இது புதிதல்ல. அதே பையில் இன்னொரு பாட்டிலையும் வைப்பதாகக் கொள்வோம். அதில் எடைக்கணக்கில் 80 பங்கு தண்ணீர். மீதி 20 பங்கு, அதில் கரைந்திருக்கும் போலாக்சமர் 407 என்ற வெண்ணிறப் பொடி. மேட்டுப்பாளையத்துப் பகல் வெயிலில் இந்தப் பாட்டிலைத் திறந்து கவிழ்த்தால் ஒரு சொட்டுகூட விழாது. உள்ளே இருப்பது துளி கலங்கலும் இல்லாத ஜெல். 330 மீட்டர் உயரத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்துக்குப் போய், ஊட்டியின் குளிர்ந்த அறையொன்றில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் அது இளகி ஓடத் தொடங்கிவிடும். எண்ணெய் கட்டியாகும் ஊரில் இது திரவம். எண்ணெய் ஓடும் ஊரில் இது கட்டி. இரண்டும் நிலை மாறுவது கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலையில், 20-லிருந்து 25 டிகிரிக்குள்.

சூடு பட்டால் இளகும், குளிர்ந்தால் உறையும் என்பதை நாம் இயற்கையின் சட்டமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறோம். நெய், மெழுகு, வெல்லப்பாகு, தார் என்று கண்ணில் படுவதெல்லாம் அதற்குச் சாட்சி. ஆனால் அது சட்டமல்ல. பெரும்பாலான பொருட்களின் வழக்கம், அவ்வளவுதான். தண்ணீரில் கரைந்த ஒரு பொருள் கரைந்தே இருக்குமா, கூட்டமாகச் சேருமா, கெட்டிப்படுமா என்பதை வெப்பம் தனியாக முடிவு செய்வதில்லை. அந்தப் பொருளின் ஒவ்வொரு பகுதியையும் சுற்றித் தண்ணீர் எப்படி நடந்துகொள்கிறது என்பதே முடிவு செய்கிறது. பிளாக் கோபாலிமர் எனப்படும் பொருட்கள் இதை வேறு எதையும்விடத் தெளிவாகக் காட்டுகின்றன. இது ஆய்வகத்து வேடிக்கையோடு நின்றுவிடும் செய்தியுமல்ல. குளிரில் திரவமாகவும் உடம்பின் சூட்டில் ஜெல்லாகவும் இருக்கும் மருந்துகள் உலகில் வந்துவிட்டன. 15 டிகிரி அறைகளும் 38 டிகிரி அறைகளும் ஒரே மாநிலத்தில் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்த மருந்துகள் பயன்பட வேண்டுமானால், 'அறை வெப்பநிலை' என்று பொதுவாகச் சொல்லும் பழக்கத்தை முதலில் கைவிட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். பாலிமர் என்பது சிறிய மூலக்கூறுகள் வரிசையாகக் கோத்துக்கொண்டு உருவாகும் நீண்ட சங்கிலி. எல்லாக் கண்ணிகளும் ஒரே வகையாக இருக்கலாம். இரண்டு வகைகள் கலந்தும் இருக்கலாம். கலந்திருக்கும்போது ஒரு வகை மொத்தமாக ஒரு பகுதியாகவும், மற்ற வகை மொத்தமாக இன்னொரு பகுதியாகவும் அமைந்தால் அதுதான் பிளாக் கோபாலிமர். போலாக்சமர் 407-இன் சங்கிலியில் மூன்று பகுதிகள். நடுவில் சுமார் 65 புரோப்பிலீன் ஆக்சைடு கண்ணிகள். இரு ஓரங்களிலும் தலா நூறு எத்திலீன் ஆக்சைடு கண்ணிகள். ஓரப் பகுதிகள் தண்ணீரை நாடுபவை. நடுப்பகுதி, குளிரில் தண்ணீரோடு சமாதானமாக இருந்துவிட்டு, சூடு ஏறினால் விலகப் பார்ப்பது. இந்த இரண்டு வகைக் கண்ணிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரேயொரு மெத்தில் தொகுதி. புரோப்பிலீன் ஆக்சைடில் அது துருத்திக்கொண்டிருக்கிறது. எத்திலீன் ஆக்சைடில் இல்லை. ஒரு பாட்டில் திரவம் கெட்டிப்படுவதும் இளகுவதும் இத்தனை சிறிய வேறுபாட்டில் தொங்குகிறது. பெயரில் உள்ள எண்ணுக்கும் பொருள் உண்டு. முதல் இரண்டு இலக்கமான 40-ஐ நூறால் பெருக்கினால் நடுப்பகுதியின் தோராயமான மூலக்கூறு எடை, 4,000. கடைசி இலக்கமான 7-ஐப் பத்தால் பெருக்கினால் எடையில் எத்திலீன் ஆக்சைடின் பங்கு, 70 சதவீதம்.

இந்தக் குடும்பத்தை 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இயங்கிய வயண்டாட் கெமிக்கல்ஸ் நிறுவனத்தில் லெஸ்டர் லண்ட்ஸ்டெட் உருவாக்கினார்; காப்புரிமை 1954-இல் கிடைத்தது. ப்ளூரோனிக் என்ற வணிகப் பெயர் அப்போது வந்தது. 1969-இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. அழுக்கு நீக்குவதற்கும் நுரையை அடக்குவதற்கும் எனத் தொடங்கிய பொருள் இன்று நம் வீடுகளில் சத்தமில்லாமல் நுழைந்திருக்கிறது. மருந்துக்கடையில் விற்கும் வாய் கொப்பளிக்கும் திரவங்கள் சிலவற்றின் லேபிளைப் படித்தால் போலாக்சமர் 407 என்ற பெயரைக் காணலாம். கான்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவங்களிலும் இதன் உறவினர்கள் உண்டு. தண்ணீரில் கலக்கித் தெளிக்கும் பூச்சிமருந்துகள் பலவற்றில், நுண்துகள்கள் அடியில் படியாமல் மிதக்க வைப்பது இதே வகைப் பாலிமர்தான். ஆகவே தேயிலைத் தோட்டங்களுக்கும் இது அந்நியப் பொருளல்ல.

குளிர்ந்த நீரில் இந்தச் சங்கிலிகள் தனித்தனியாக அலைகின்றன. நடுப்பகுதியின் மெத்தில் தொகுதிகளைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளால் அவற்றோடு பிணைய முடியாது. எனவே தங்களுக்குள்ளேயே ஒழுங்காகக் கைகோத்துக்கொண்டு வேலி கட்டி நிற்கின்றன. குளிரில் அந்த ஒழுங்கைக் காப்பது நீருக்குச் சிரமமில்லை. வெப்பம் ஏற ஏற, மூலக்கூறுகளின் துள்ளல் கூடக்கூட, அப்படிக் கட்டுப்பட்டு நிற்பது பெரிய விலையாகிறது. ஒரு கட்டத்தில் நடுப்பகுதிகள் ஒன்றையொன்று தேடி ஒட்டிக்கொள்கின்றன. வேலியாக நின்ற நீர் விடுதலையாகிறது. நடுப்பகுதிகள் உள்ளே ஓர் உருண்டையாகச் சேர, தண்ணீரை நாடும் ஓரப்பகுதிகள் வெளியே சிலிர்த்துக்கொண்டு நீரில் நீந்துகின்றன. இதுதான் மைசெல். சில பத்துச் சங்கிலிகள் சேர்ந்த இந்த உருண்டையின் குறுக்களவு, வெளிச்சிலும்பையும் சேர்த்து, ஏறத்தாழ 20 நானோமீட்டர். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எதிர்த்துப் போராடிவரும் ரேபிஸ் வைரஸின் நீளம் சுமார் 180 நானோமீட்டர் என்பதை நினைத்தால் இதன் சிறுமை விளங்கும். சோப்பும் மைசெல் உண்டாக்குகிறது. ஆனால் சோப்பில் அதை முடிவு செய்வது பெரும்பாலும் அளவு, அதாவது எவ்வளவு சோப்பு போட்டோம் என்பது. இங்கே அளவோடு வெப்பநிலையும் சமமான அதிகாரம் செலுத்துகிறது. கரைசலில் பாலிமர் அதிகமானால் மைசெல் உருவாகும் வெப்பநிலை குறையும்.

இயற்பியல் படித்தவர்கள் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள். வெப்பம் ஏறினால் ஒழுங்கு குலைய வேண்டும். ஒழுங்கின்மையின் அளவான என்ட்ரோபி கூட வேண்டும். இங்கே சூடாக்கச் சூடாக்கச் சிதறிக் கிடந்தவை சேர்ந்து அமைப்பாகின்றனவே, இது வெப்பவியக்கவியலுக்கு எதிரானதில்லையா? நியாயமான கேள்வி. விடை, நாம் எதை எண்ணுகிறோம் என்பதில் இருக்கிறது. பாலிமரை மட்டும் பார்த்தால் ஒழுங்கு கூடியிருக்கிறது, உண்மை. ஆனால் ஒவ்வொரு சங்கிலியும் சேரும்போது அதைச் சுற்றிக் கட்டுப்பட்டிருந்த ஏராளமான நீர் மூலக்கூறுகள் கட்டவிழ்கின்றன. இரண்டையும் கூட்டிக் கழித்தால் ஒழுங்கின்மையே வெல்கிறது. இது ஊகமல்ல, அளந்து பார்த்த செய்தி. கரைசலை மெல்லச் சூடாக்கிக்கொண்டே அது உள்ளிழுக்கும் வெப்பத்தைப் பதிவு செய்யும் கருவி இருக்கிறது. மைசெல் உருவாகும் கட்டத்தில் கரைசல் கூடுதலாக வெப்பத்தை உறிஞ்சுவதை அது காட்டுகிறது. வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டும் ஒரு மாற்றம் தானாகவே நடக்கிறதென்றால் அதைத் தள்ளுவது என்ட்ரோபி மட்டுமாகத்தான் இருக்க முடியும். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குன்னர் கார்ல்ஸ்ட்ரோம் 1985-இல் இன்னொரு விளக்கமும் தந்தார். இவ்வகைச் சங்கிலிகள் சூட்டில் வேறு விதமாக முறுக்கிக்கொள்கின்றன. அந்த முறுக்கல்களில் மின்துருவத்தன்மை குறைவு. அதனால் அவை நீரோடு ஒட்டுவதில்லை என்பது அவர் கருத்து. நீரின் கணக்கும் சங்கிலியின் முறுக்கலும் ஒன்றையொன்று மறுப்பவையாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டும் ஒரே திசையில் இழுக்கின்றன, எது எவ்வளவு என்பதே ஆய்வாளர்களுக்குள் பேச்சு.

மைசெல்லின் உட்பகுதி தண்ணீர் குறைந்த இடம் என்பதால், தண்ணீரில் கரையாதவை அங்கே தங்கலாம். நீலகிரித் தைலத்தை எடுத்துக்கொள்வோம். 1843 முதல் இந்த மலையில் நடப்பட்டு வரும் யூகலிப்டஸ் மரத்தின் இலையிலிருந்து ஆவியில் வடிக்கும் இந்தத் தைலத்தில் பெரும்பங்கு சினியோல். வெறும் தண்ணீரில் விட்டால் மேலே மிதக்கும்; குலுக்கினால் பால்போலக் கலங்கி மறுபடி பிரியும். போலாக்சமர் மைசெல்கள் உள்ள தண்ணீரில் சிறிதளவு விட்டால் அந்த எண்ணெய் மைசெல்களுக்குள் புகுந்துகொள்ளும். பார்வைக்குத் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். தண்ணீரில் கரைய மறுக்கும் மருந்துகளை உடம்புக்குள் கொண்டுசெல்ல மருந்தியலார் இந்த வழியைத்தான் பிடித்தார்கள். பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தை வேறொரு வகை பிளாக் கோபாலிமரின் மைசெல்லில் ஏற்றிய ஜெனெக்சால் பிஎம் தென் கொரியாவில் 2007 முதல் பயன்பாட்டில் உள்ளது. உள்ளே புகுந்த சரக்கு சும்மா இருப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நீரை விலக்கும் பொருள் சேர்ந்தால் மைசெல் உருவாகும் வெப்பநிலை பொதுவாகக் குறைகிறது. உப்புச் சேர்த்தாலும் குறைகிறது. வெறும் பாலிமர் கரைசலில் அளந்த எண், மருந்து சேர்த்த பின் செல்லாது.

மைசெல் உருவானது, ஜெல் எப்படி வருகிறது? ஜெல் என்றதும் சங்கிலிகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு வலையாவதை நாம் கற்பனை செய்கிறோம். இங்கே முடிச்சே இல்லை. நடப்பது வெறும் நெருக்கடி. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு வரும் உருளைக்கிழங்கு மூட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அரைகுறையாக நிரப்பிய சாக்கு தொட்ட பக்கமெல்லாம் நெளியும். திணித்து நிரப்பி வாயைத் தைத்த சாக்கு தூண்போல நிற்கும். கிழங்கு அதேதான், ஒன்றோடொன்று ஒட்டவுமில்லை. நகர இடமில்லை, அவ்வளவே. மைசெல்களும் அப்படித்தான். எடையில் பாலிமர் 20 சதவீதம்தான் என்றாலும், ஒவ்வொரு மைசெல்லின் வெளிச்சிலும்பும் தனக்குள் நிறைய நீரைப் பிடித்து வைத்திருப்பதால் அது அடைக்கும் இடம் பெரிது. மைசெல்கள் அடைக்கும் இடம் மொத்தக் கன அளவில் பாதியைத் தாண்டி, சுமார் 53 சதவீதத்தை எட்டும்போது, அவை கனசதுர அடுக்காக ஒழுங்குபட்டு அசையாமல் நின்றுவிடுகின்றன. எண்பது சதவீதம் தண்ணீராக இருந்தும் பாட்டில் கவிழ்த்தால் கொட்டாததற்கு இதுதான் காரணம். பாலிமரின் அளவு 15 சதவீதத்துக்குக் கீழே போனால் எவ்வளவு சூடாக்கினாலும் பெரும்பாலும் ஜெல் கிடைப்பதில்லை. நெருக்கடிக்குத் தேவையான கூட்டம் அங்கே இல்லை.

இதை ஆய்வகத்தில் பார்ப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. பொடியைச் சுடுநீரில் போட்டால் மேல்புறம் மட்டும் வழவழத்துக் கட்டிபிடிக்கும். ஆகவே ஐந்து டிகிரி அளவுக்குக் குளிர்ந்த நீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, மெதுவாகக் கலக்கி, இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்துவிடுவார்கள். மறுநாள் காலையில் நுரை அடங்கித் தெளிந்த கரைசல் கிடைக்கும். அதைச் சோதனைக் குழாயில் ஊற்றி, தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, ஒரு டிகிரி ஒரு டிகிரியாகச் சூடேற்றிக் குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஜெல்லானதைக் கண்ணால் மட்டும் கண்டுபிடிப்பது கடினம். மைசெல்கள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை என்பதால் திரவமும் ஜெல்லும் ஒரே தெளிவோடு இருக்கும். காட்டிக்கொடுப்பவை காற்றுக் குமிழ்கள். சற்று முன்புவரை சரசரவென்று மேலேறிய குமிழ்கள் பாதி வழியில் அப்படியே நின்றுவிடும். உள்ளே காந்தத்தால் சுழலும் சிறு குச்சி போட்டிருந்தால் அதுவும் நின்றுவிடும். அந்த நொடியில் வெப்பமானி காட்டும் எண்தான் ஜெல்லாகும் வெப்பநிலை.

முடிச்சில்லை, அடுக்குதான் என்பதற்கு என்ன ஆதாரம்? நியூட்ரான் கதிர்களை ஜெல்லுக்குள் செலுத்தினால் அவை சிதறும் விதத்திலிருந்து உள்ளே இருப்பவற்றின் அளவையும் இடைவெளியையும் கணக்கிடலாம். சாதாரண நீருக்குப் பதில் கனநீரைப் பயன்படுத்தினால் பாலிமர் நீரிலிருந்து நன்றாக வேறுபட்டுத் தெரியும். டென்மார்க்கில் கெல் மார்டென்சன் 1990-களின் தொடக்கத்தில் இவ்வகைப் பாலிமர்களில் கனசதுர அடுக்கைக் கண்டறிந்தது இந்த முறையில்தான். இந்தியாவிலும் இந்தத் துறைக்கு நல்ல வரலாறு உண்டு. மும்பை டிராம்பேயில் 1985 முதல் இயங்கும் துருவா அணு உலையின் நியூட்ரான்களைக் கொண்டு பாபா அணு ஆராய்ச்சி மையத்தினரும், சூரத்தின் வீர் நர்மத் தெற்கு குஜராத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரதாப் பகதூர் குழுவினரும் உப்பு, வெப்பம், சேர்மானப் பொருட்கள் ஆகியவற்றால் இந்த மைசெல்கள் எப்படி மாறுகின்றன என்பதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டு வேலை என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உப்பும் மருந்தும் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு நம்மிடமே விடை தேடும் வசதி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

சூட்டில் கெட்டிப்படுவது அப்படியொன்றும் அதிசயமில்லை, முட்டையும்தான் வேகவைத்தால் கெட்டியாகிறது என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் வெந்த முட்டையைக் குளிர்பெட்டியில் வைத்தால் பச்சை முட்டையாகாது. புரதம் உருக்குலைந்து நிரந்தரமாகப் பின்னிக்கொண்ட நிலை அது. போலாக்சமர் ஜெல் எத்தனை முறை குளிர்ந்தாலும் இளகும், எத்தனை முறை சூடானாலும் கெட்டிப்படும். எந்த வேதிப்பிணைப்பும் உடைவதுமில்லை, புதிதாக உண்டாவதுமில்லை. இதற்குச் சரியான எதிர்த்துருவம் முட்டையல்ல, ஜெலட்டின். அதன் கதை நீலகிரியிலேயே இருக்கிறது. 1960-இல் தொடங்கப்பட்டு 1967-இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை, ஊட்டி இந்து நகரில் 'இந்து' என்ற பெயரில் படச்சுருளும் எக்ஸ்ரே ஃபிலிமும் தயாரித்தது. ஒளியை உணரும் வெள்ளி உப்பின் நுண்படிகங்களை ஃபிலிமின் மேல் பிடித்து வைப்பது ஜெலட்டின். இளஞ்சூட்டில் அது திரவம். ஃபிலிம் மேல் மெல்லிய படலமாகப் பூசி உடனே குளிரவைத்தால் உறைந்துவிடும். ஜெலட்டின் சங்கிலிகள் குளிரில் மூன்று மூன்றாகப் புரிமுறுக்கிக்கொண்டு வலையாகின்றன. சூட்டில் முறுக்கு அவிழ்கிறது. அங்கே சங்கிலிகளுக்கிடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்பு ஆள்கிறது, சூடு அதைக் குலைக்கிறது. இங்கே நீரின் விலகல் ஆள்கிறது, சூடு அதைக் கூட்டுகிறது. இரண்டும் பெரும்பகுதி தண்ணீர், இரண்டும் திரும்பத் திரும்ப மாறக்கூடியவை, ஆனால் திசை நேரெதிர். ஒரே மலையில் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வெப்பத்துக்கென்று தனியாக ஒரு குணம் இல்லை என்பது புரியும்.

போலாக்சமர் ஜெல்லை மேலும் மேலும் சூடாக்கினால் மீண்டும் இளகிவிடுகிறது என்பதும் இந்த வாதத்துக்கு வலு சேர்க்கிறது. மிக உயர்ந்த வெப்பத்தில் ஓரங்களில் உள்ள எத்திலீன் ஆக்சைடு பகுதியும் தண்ணீர்மேல் நாட்டம் இழக்கிறது. வெளிச்சிலும்பு சுருங்கி, மைசெல் அடைக்கும் இடம் குறைந்து, நெருக்கடி தளர்கிறது. ஆக குளிரில் திரவம், நடுவில் ஜெல், மேலே மறுபடி திரவம். சூடு கெட்டிப்படுத்தும் என்று புதிதாக ஒரு சட்டம் எழுதினால் அதுவும் பொய்த்துப்போகும்.

மருத்துவம் இதைப் பிடித்துக்கொண்டது வியப்பில்லை. ஆய்வாளர் இர்விங் ஷ்மோல்கா 1972-இல் தீப்புண்ணுக்குப் போடும் செயற்கைத் தோல்போல இந்த ஜெல்லைப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். குளிர்ந்த திரவமாக ஊற்றினால் புண்ணின் மேடு பள்ளமெல்லாம் பரவி, உடம்பின் சூட்டில் படலமாகும். எடுக்க வேண்டுமானால் குளிர்ந்த நீரை ஊற்றிக் கழுவினால் போதும், பிய்த்து இழுக்க வேண்டாம். அமெரிக்காவில் 2011-இல் அனுமதி பெற்ற லெகூ என்ற பொருள் இரத்தக்குழாய் அறுவை சிகிச்சைக்கானது. குழாய்க்குள் செலுத்தினால் ஜெல்லாகி இரத்த ஓட்டத்தைச் சில நிமிடங்கள் நிறுத்தும், பிறகு கரைந்துபோகும். 2015-இல் அனுமதி பெற்ற ஓட்டிப்ரியோ, குழந்தைகளின் நடுக்காதில் ஒரே தடவை செலுத்தி அங்கேயே தங்க வைக்கும் ஆன்டிபயாடிக். 2020-இல் வந்த ஜெல்மைட்டோ, சிறுநீர்ப் பாதையின் மேற்பகுதியில் வரும் புற்றுக்கானது. பனிக்கட்டியில் குளிரவைத்துத் திரவமாக உள்ளே செலுத்துகிறார்கள், உள்ளே அது ஜெல்லாகிச் சில மணி நேரத்துக்கு மருந்தைப் பிடித்து வைக்கிறது.

இனி இதற்கு எதிரான வாதங்கள். முதலாவது, இந்த ஜெல் பலமற்றது, உடம்பின் நீர் பட்டால் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ கரைந்துவிடும் என்பது. உண்மைதான். முடிச்சில்லாத அடுக்கு என்பதால் நீர் சேரச் சேர நெருக்கடி தளரும். மாதக்கணக்கில் மருந்து வெளிவிட வேண்டிய தேவைக்கு இது உதவாது. ஆனால் லெகூவில் கரைந்துபோவதுதான் தேவை. அங்கே குறையே குணம். இரண்டாவது, பாதுகாப்பு. இந்தச் சங்கிலி உடம்பில் சிதைவதில்லை. சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும். போலாக்சமர் 407-இன் மூலக்கூறு எடை சுமார் 12,600. சிறுநீரகம் வடிகட்டி அனுப்பக்கூடிய எல்லைக்குள், ஆனால் விளிம்பில். எலிகளுக்கு அதிக அளவில் ஊசி வழியாகச் செலுத்தியபோது இரத்தக் கொழுப்பு கடுமையாக உயர்ந்தது. அப்படிக் கொழுப்பை உயர்த்தி ஆய்வு செய்வதற்கென்றே இதைப் பயன்படுத்தும் ஆய்வகங்கள் உண்டு. ஆகவே கண், காது, வாய், தோல் ஆகியவற்றில் இடும் சிறிய அளவையும் உடலுக்குள் திரும்பத் திரும்பச் செலுத்துவதையும் ஒன்றாகப் பேசக் கூடாது. முன்னதில் கவலைப்பட அதிகமில்லை. பின்னதில் எச்சரிக்கை வேண்டும். சிதையக்கூடிய பகுதிகளைக் கொண்ட பிளாக் கோபாலிமர்களைத் தேடும் வேலை இதற்காகவே நடக்கிறது. யூட்டாவில் சுங் வான் கிம் குழுவினர் 1997-இல் நேச்சர் இதழில் அத்தகைய ஒன்றை வெளியிட்டார்கள்.

மூன்றாவது எதிர்ப்புதான் நமக்கு நெருக்கமானது, அதிகம் யோசிக்க வேண்டியதும்கூட. ஐரோப்பாவில் 20 டிகிரி அறையில் திரவமாக இருக்கும் கண் சொட்டுமருந்து நம் ஊரில் மருந்துக்கடை அலமாரியிலேயே ஜெல்லாகிவிடுமே, இதை யார் கண்ணில் விடுவது? இதற்கு விடை பாலிமரைக் குறைப்பது அல்லது கலப்பது. போலாக்சமர் 407-ஐ 20-லிருந்து 18 சதவீதமாகக் குறைத்தாலே ஜெல்லாகும் வெப்பநிலை சில டிகிரி ஏறும். போலாக்சமர் 188 என்ற சிறிய சங்கிலியைத் துணைக்குச் சேர்த்தால் 30-ஐத் தாண்டவும் செய்யலாம். கண்ணின் மேற்பரப்பு ஏறத்தாழ 34 டிகிரி. 31 டிகிரி வரை திரவமாகவும் 33-இல் ஜெல்லாகவும் இருக்கும் சொட்டுமருந்து வேண்டும் என்று இலக்கு வைக்கலாம். ஆனால் இடைவெளி எவ்வளவு குறுகியது என்று பாருங்கள். கண்ணீர் கலந்தால் கரைசல் நீர்த்து, ஜெல்லாகும் வெப்பநிலை இன்னும் மேலே போகும். சொட்டு ஜெல்லாகாமலே கன்னத்தில் வழிந்துவிடலாம். அதனால்தான் அக்கறையுள்ள ஆய்வாளர்கள் செயற்கைக் கண்ணீரைக் கலந்த பிறகும் அளந்து பார்க்கிறார்கள். சென்னைச் சித்திரை மாதத்துக்கு ஏற்ற விடை முழுமையாக இன்னும் கிடைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குளிர்பெட்டியில் வைத்தால் போயிற்று என்பது பாதி விடைதான். குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனத்தின் தடுப்பூசிகள் 2-லிருந்து 8 டிகிரிக்குள் மலையிறங்கிக் கிராமம் வரை போகின்றன என்றால், அதற்குப் பின்னால் அரசின் குளிர்த்தொடரும் பயிற்சி பெற்ற பணியாளர்களும் இருக்கிறார்கள். வீட்டில் ஒருவர் தினமும் நான்கு வேளை விடும் கண்மருந்துக்கு அந்த ஏற்பாடு கிடையாது.

இங்கேதான் நீலகிரியின் புவியியல் பாடமாகிறது. உதகையில் 1980 முதல் இயங்கும் ஜேஎஸ்எஸ் மருந்தியல் கல்லூரி உட்பட மலையில் மருந்து ஆய்வு நடக்கும் இடங்களில், ஆண்டின் பல மாதங்களில் சன்னலைத் திறந்தாலே 15 டிகிரிக் காற்று வரும். டிசம்பர், ஜனவரி விடியலில் தலைகுந்தா பக்கம் உறைபனி படியும். அங்கே மேசைமேல் இருக்கும் 20 சதவீதக் கரைசல் நாள் முழுக்கத் திரவம்தான். அதே செய்முறையை மதுரையில் ஒருவர் செய்து பார்த்தால் ஊசியை விட்டு மருந்து வெளியே வராது. இருவரும் நேர்மையாகவே வேலை செய்திருப்பார்கள். அறிக்கையில் 'அறை வெப்பநிலையில் திரவம்' என்று ஒருவரும் 'அறை வெப்பநிலையில் ஜெல்' என்று மற்றவரும் எழுதியிருப்பார்கள். ஊட்டியின் எண்ணும் நிலையானதல்ல. 2024 ஏப்ரல் இறுதியில் அங்கே 29 டிகிரி பதிவானது. அந்த வாரத்தில் ஊட்டி மேசையிலும் அது ஜெல்லாகத்தான் இருந்திருக்கும். இந்தியாவுக்கான மருந்து நிலைப்புச் சோதனை 30 டிகிரியில் செய்யப்பட வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. ஐரோப்பாவுக்கு அது 25. சாதாரண மாத்திரைக்கு இந்த ஐந்து டிகிரி ஆயுளைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். போலாக்சமர் மருந்துக்கு அந்த ஐந்து டிகிரிக்குள் திரவமா ஜெல்லா என்பதே மாறிவிடும்.

எனவே மருந்தியல் மாணவர்களிடமும் அவர்களை வழிநடத்தும் ஆசிரியர்களிடமும் கேட்டுக்கொள்வது இதுதான். ஆய்வேட்டிலும் லேபிளிலும் 'அறை வெப்பநிலை' என்று எழுதாதீர்கள். அன்று வெப்பமானி காட்டிய எண்ணை எழுதுங்கள். மருந்தைச் சேர்த்த பிறகும், உப்பைச் சேர்த்த பிறகும், உடம்பின் நீரில் நீர்த்த பிறகும் ஜெல்லாகும் வெப்பநிலையைத் தனித்தனியாகக் கொடுங்கள். மலையில் உருவாக்கிய எந்தச் செய்முறையையும் வெளியிடும் முன், ஒரு கோடை நாளில் மேட்டுப்பாளையத்துக்கு எடுத்துப்போய் ஒருமுறை குழாயைச் சாய்த்துப் பாருங்கள்.